மும்பை சயான் மருத்துவமனை டீன் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

தாராவித் தமிழர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சயான் ஆஸ்பத்திரிதான். அந்த உரிமையில், எளிதில் அடையாளம் தெரியாமல் போகும் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வரும் நரம்பு நோய். முதுகும் வயிறும் இறுகும். கால்கள் மரக்கட்டைபோல் விறைக்கும். திடீர்ச் சத்தமோ, எதிர்பாராத தொடுதலோ, மனக்கலக்கமோ போதும், தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விழுந்தால் கையூன்றவும் முடியாது. நினைவு தப்பாததால் வலி முழுவதும் தெரியும். ஹாரன் சத்தம் ஓயாத எங்கள் தாராவியின் 90 அடி சாலையை இந்நோயாளிகள் எப்படிக் கடப்பார்கள்?

1956இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் மோர்ஷ், வோல்ட்மன் இருவரும் 14 நோயாளிகளைக் கொண்டு இந்நோயை முதலில் விவரித்தார்கள். தசைகளைத் தளர்த்தும் காபா என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் ஜிஏடி நொதியையே உடலின் எதிர்ப்பொருள்கள் குறிவைப்பது பின்னர் தெரியவந்தது. பெரும்பாலான நோயாளிகளின் இரத்தத்தில் அவை தென்படும். பலருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்தே இருக்கும். பாடகி செலின் டியோன் 2022 டிசம்பரில் தனக்கு இந்நோய் இருப்பதாக அறிவித்த பிறகுதான் உலகம் இதன் பெயரையே கேட்டது.

என் கவலை நோயின் அரிதான தன்மை அல்ல, அது அடையாளம் தெரியாமல் போவது. சத்தத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராதவரை 'பயந்த சுபாவம்', 'மனசு சரியில்லை' என்று ஒதுக்குவது எளிது. பல நாடுகளில் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் இப்படி அலைந்திருக்கிறார்கள். நம் சந்துகளில் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கவும் கூட்டிப்போவார்கள். கண்டுபிடித்துவிட்டால் டயாசிபாம், பேக்லோஃபென் போன்ற மலிவான மாத்திரைகளே பலருக்கு நல்ல ஆறுதல் தரும். அவை போதாதவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து உதவுவதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதன் விலை கூலித் தொழிலாளிக்கு எட்டாதது.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கியது உங்கள் மருத்துவமனையில்தான். மாநகராட்சி மருத்துவமனையால் முன்னே நடக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

காரணம் தெரியாத விறைப்போடு வருபவர் யாரானாலும் நரம்பியல் மருத்துவர் ஒருமுறை பார்ப்பதை நடைமுறையாக்குங்கள். ஜிஏடி எதிர்ப்பொருள் சோதனை, தசைகளின் மின்னியக்கத்தைப் பார்க்கும் இஎம்ஜி சோதனை இரண்டும் ஏழைகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கட்டும். இந்தியும் மராத்தியும் சரளமாக வராத எங்கள் பெரியவர்கள் தங்கள் வலியைத் தமிழிலேயே சொல்ல, ஓபிடியில் ஒருவரை அமர்த்துங்கள். இம்யூனோகுளோபுலின் தேவைப்படுவோருக்கு நிதி பெற்றுத்தரும் பொறுப்பை உங்கள் சமூகப்பணிப் பிரிவிடம் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
தாராவிவாசி ஒருவர்