பொய்ச் சாட்சி சொன்ன பூ

எங்கள் வீட்டில் அண்மையில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வழக்காளி, உயர்தர வகுப்பில் இரசாயனவியல் பயிலும் என் மகள். எதிரி, காலி வீதிக் கடையொன்றில் நான் வாங்கி வந்த சிறு போத்தல். அதன் மேற்புறத்திலே வெண்மடல் விரிந்த தாழம்பூவின் படம். படத்தின் கீழே அப்பூவின் வடநாட்டுப் பெயராகிய 'கேவ்ரா'. பிறந்தநாளுக்கென வைத்த பாயசத்தில் அதனை இரண்டு தேக்கரண்டி அளவு விட்டோம். வாயில் வைத்தவர் எல்லாரும் முகத்தைச் சுளித்தனர். சவர்க்காரத்தைக் கரைத்துக் குடித்தாற்போன்ற ஒரு நெடி! மகள் போத்தலைத் திருப்பி, பின்புறத்தில் கடுகளவு எழுத்தில் அச்சிட்டிருந்ததை வாசித்தாள்.

"நீர், செயற்கை மணமூட்டி. இவ்வளவுதான், அப்பா. இதில் பூவே இல்லையே!" என்றாள்.

தாழம்பூவுக்கும் பொய்க்கும் உள்ள தொடர்பு பழையது. அடிமுடி தேடிய கதையை நம் பிள்ளைகள் அறிவர். சோதிப் பிழம்பாய் நின்ற சிவனின் முடியைக் காண அன்னமாய்ப் பறந்த பிரமன், அது காணாது களைத்த வேளையில், சிவன் முடியினின்று கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைக் கண்டான். தான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லும்படி அதனை வேண்டினான், பூவும் உடன்பட்டது. அப்பொய்யின் பயனாகப் பிரமன் கோயில் வழிபாட்டை இழந்தான். தாழம்பூ சிவபூசையில் இடம் இழந்தது. சிவன் கோயிலை வலம் வரும்போது கருவறையின் பின்புற மாடத்திலே காணும் இலிங்கோற்பவ மூர்த்தி இக்கதையையே நமக்கு நினைவூட்டுகின்றார்.

பூசையிலிருந்து விலக்கினாலும் வாழ்க்கையிலிருந்து அதனைத் தமிழர் விலக்கினாரல்லர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் தாழைக்கும் இடம் உண்டு. கைதை என்றும் கேதகை என்றும் அதற்கு வேறு பெயர்களும் வழங்கின. மணப்பெண்ணின் பின்னலில் தாழை மடலை வைத்துத் தைத்தனர். பட்டுச் சேலைப் பெட்டியில் மடலொன்றை இட்டு வைத்தனர். என் பாட்டியாரின் தகரப் பெட்டியைத் திறந்தால் முதலில் எழுவது அந்த மணந்தான். மடல் காய்ந்து சருகாகிய பின்னும் அது நீங்கவில்லை. இன்றும் தாழம்பூக் குங்குமம் என்ற பெயர் கேளாத தமிழ் வீடு அரிது.

தாழை நமக்கு அயலான செடியும் அன்று. கொழும்பிலிருந்து காலிவரை கடலோரமாக ரயிலில் செல்வோர், மணலில் விழுதூன்றி நிற்கும் முட்புதர்களைக் கண்டிருப்பர். சிங்கள மக்கள் அதனை வெட்டகெய்யா என்பர். அதன் ஓலையைப் பதப்படுத்திப் பாய் முடைவர். அதன் விழுதுகள் கரைமணலை இறுகப் பிடித்து நிறுத்துவன.

இன்னொரு செய்தி நம் இல்லத்தரசிகளுக்கு வியப்பளிக்கும். நாள்தோறும் கறியில் இடும் ரம்பை, தாழையின் உடன்பிறப்பு. இரண்டும் 'பாண்டனஸ்' என்னும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை. தாழைக்கு மணம் பூவில். ரம்பைக்கு மணம் இலையில். ரம்பை பூப்பது மிக மிக அரிது. பக்கக் கன்றுகளைப் பெயர்த்து நட்டே அதனைப் பெருக்குகின்றோம். ரம்பை இலையில் மணப்பதும் பாசுமதி அரிசியில் மணப்பதும் ஒரே இரசாயனப் பொருளே. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் அன்னாசி போன்ற காயைத் தரும். மணமுள்ள வெண்மடலைத் தருவது ஆண் மரமே.

இந்த மடலிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்கும் தொழில் இன்று பெரும்பாலும் இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலே, கஞ்சாம் மாவட்டத்துக் கடற்கரையோரமாக நடைபெறுகின்றது. அங்கே வயல் வரப்பெல்லாம் தாழை வேலி. மழைக்காலமே பூவின் பெரும்பருவம். விடியுமுன் எழுந்து, முள்ளோலைகளை விலக்கி, மடலைக் கொய்து வர வேண்டும். பொழுது ஏறினால் மணம் இறங்கும். ஆதலால் வடிக்கும் அடுப்பும் வயலுக்கு அருகிலேயே இருக்கும்.

வடிக்கும் முறை வடநாட்டுக் கன்னோசி நகரத்து அத்தர்த் தொழிலாளர் கையாள்வது. 'தேக்' என்னும் பெரிய செப்புப் பானையில் மடல்களையும் நீரையும் இட்டு மூடி, விளிம்பைக் களிமண்ணால் அடைப்பர். மூடியிலிருந்து ஒரு மூங்கிற் குழாய், நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்னும் செப்புக் குடத்துக்குச் செல்லும். கீழே விறகடுப்பு எரியும். மணத்தைச் சுமந்த ஆவி குழாய் வழியே சென்று குடத்தில் குளிர்ந்து நீராகும். அளவுகருவி எதுவும் இராது. பானையின் கொதியொலியைக் காதால் கேட்டும், குடத்தின் சூட்டைக் கையால் தொட்டும் தொழிலாளி பதம் அறிவான்.

மாணவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழம்பூ மணத்தின் பெரும்பகுதி, பீனைல் எதைல் மெதைல் ஈதர் என்னும் பொருளால் ஆனது. அது தனியே கொதிப்பதற்கு ஏறத்தாழ 190 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். நீரோ 100 பாகையிலே கொதிக்கின்றது. அப்படியாயின் எண்ணெய் ஆவியாவது எவ்வாறு? ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கும்போது, இரண்டின் ஆவியமுக்கங்களும் கூடி வளிமண்டல அமுக்கத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்கும். ஆகையால் 100 பாகைக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே எண்ணெய் நீராவியின் தோளேறி வந்துவிடுகின்றது. கருகிப் போகாமல் மணம் பிழைக்கும் உபாயம் இதுவே.

வரும் பொருள் மூவகைப்படும். தூய எண்ணெய்க்கு 'ரூஹ்' என்று பெயர். உயிர் என்பது அதன் பொருள். குடத்தில் சந்தன எண்ணெயை முன்னரே இட்டு, வரும் மணத்தை அது உறிஞ்சும்படி செய்தால் அத்தர். மணம் கரைந்த வடிநீரே கேவ்ரா நீர். ரசகுல்லாவிலும் பிரியாணியிலும் தெளிப்பது அது. அக்பரின் அவைக்களத்து அறிஞர் அபுல் பசல் எழுதிய 'அயினி அக்பரி' என்னும் நூலில் நறுமலர்களின் வரிசையிலே கேவ்ராவும் கூறப்பட்டுள்ளது. கஞ்சாம் தாழம்பூவும் அதன் ரூஹும் இன்று இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

இத்தகைய பொருள் மலிவாக இருத்தல் இயலாது. பல்லாயிரம் மடல் கொய்தால்தான் கையளவு எண்ணெய். 2013 ஒக்டோபர் 12ஆம் நாள் பைலின் என்ற பெரும்புயல் கஞ்சாம் கரையிலுள்ள கோபால்பூரிலேயே கரையேறியது. பூவை நம்பிய குடிகளின் வாழ்வு அத்தகையது. அவர்களுக்கு எதிரே தொழிற்சாலையில் செய்த ஈதர் மலிவாக வந்து நிற்கின்றது. சந்தன எண்ணெயின் விலை ஏறவே, அத்தரிலும் பலர் அதற்குப் பதிலாகத் திரவப் பரபினைச் சேர்க்கின்றனர்.

இங்கே நீதி வழுவாமல் பேச வேண்டும். தொழிற்சாலை ஈதர் நஞ்சன்று. பூவில் உள்ள ஈதரும் அதுவும் அணுவுக்கு அணு ஒன்றே. ஆயின் பூவில் அது தனியே இல்லை. சிறு சிறு அளவில் வேறு பல பொருள்கள் சூழ நிற்கின்றது. ஒற்றை நாதசுரம் மேளக் கச்சேரி ஆகாதது போலவே தனி ஈதரும் தாழம்பூ ஆகாது. 'செயற்கை மணம்' என்று முன்புறத்தில் பெரிதாக எழுதி விற்றால் அதிற் குற்றமில்லை. பூவின் படத்தை முன்னே போட்டு, உண்மையைப் பின்னே கடுகெழுத்தில் ஒளிப்பதே குற்றம். பொய் இரசாயனத்தில் இல்லை, சாட்சியத்தில் இருக்கின்றது.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. கஞ்சாம் எண்ணெயிற் பெரும் பங்கு, வாயிலிட்டு மெல்லும் பான் மசாலாவுக்கும் புகையிலைக்கும் மணமூட்டச் செல்கின்றது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை விளைவிப்பன என்பது மருத்துவம் ஐயமற நிறுவிய உண்மை. 2012 முதல் இந்திய மாநிலங்கள் பல குட்காவைத் தடை செய்ததும் இதனாலேயே. மெய்யான பூ, மெய்யான மணம். ஆனால் அது சாட்சி சொல்வதோ நஞ்சுக்கு! வண்ணக் காகிதத்தில் வரும் மணப் பொட்டலத்தை நீட்டும் நண்பரிடம், மாணவர்கள் இதனை நினைந்து கையை மடக்கிக்கொள்வார்களாக.

வீட்டுக்குச் சில குறிப்புகள். வாங்குமுன் போத்தலின் பின்புறத்தை வாசியுங்கள். பூவின் வடிநீராயின் தேக்கரண்டியால் அளக்கலாம். 'எசன்ஸ்' ஆயின் துளியால் அளத்தல் வேண்டும். நாங்கள் செய்த பிழை இதுவே. எதுவாயினும் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேருங்கள். கொதிக்கும்போது விட்டால் மணம் கூரைக்குப் போய்விடும். அத்தரை உணவிற் சேர்த்தலாகாது. தூய மண எண்ணெய் எதனையும் விழுங்குவதும், குழந்தைகளின் மேனியில் அப்படியே பூசுவதும் கூடா.

இனி வழக்கின் தீர்ப்பு. நம் கடலுக்கு அப்பால் இராமநாதபுர மாவட்டத்திலே திருவுத்தரகோசமங்கை என்னும் சிவத்தலம் உண்டு. அங்கே மட்டும் தாழம்பூவை இறைவனுக்குச் சாத்துகின்றனர். பூ தன் பிழைக்கு மன்னிப்புப் பெற்ற இடம் அது என்று மகளிடம் கூறினேன்.

"பூவுக்கு மன்னிப்புக் கொடுக்கலாம், அப்பா. போத்தலுக்குக் கொடுக்க முடியாது," என்றாள் அவள்.

அடுத்த பாயசத்துக்கு அவள் கொல்லைக்குச் சென்று ஒரு துண்டு ரம்பையை வெட்டி வந்தாள். கிண்ணங்கள் யாவும் வெறுமையாகின.