மாத்திரை தீர்ந்தது... வைரஸ் திரும்பியது! அமெரிக்க ராணுவ முகாம்களில் 12 ஆண்டுகள் என்ன நடந்தது?

ராணுவத்துக்குத் தேர்வாகும் 18, 19 வயது இளைஞர்கள் எல்லா மருத்துவப் பரிசோதனையிலும் பாஸ் ஆனவர்கள். உடல் உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால், பயிற்சி முகாமுக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுகிறார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு இது பல பத்தாண்டு தலைவலி. காரணம், அடினோ வைரஸ்.

இதில் விசித்திரம் என்னன்னா, இதைத் தடுக்கும் மருந்து அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. அது எப்படிக் கைவிட்டுப் போனது?

அடினோ வைரஸ்... யார் இது?

பெயர் புதுசாகத் தோன்றலாம். ஆனால், நமக்குத் தெரிந்த குடும்பம்தான். நம்ம ஊரில் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லும் கண் நோய்க்கு அடிக்கடி காரணமாவது இந்த வைரஸ்தான். 2023 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் குழந்தைகளைப் பாதித்ததும் இதுவே.

இதில் 50-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதில் 4, 7 ஆகிய இரண்டு வகைகள்தான் ராணுவ முகாம்களின் பழைய வில்லன்கள். காய்ச்சல், தொண்டை வலி, இருமல் எனத் தொடங்கும். பெரும்பாலானோருக்குச் சில நாளில் சரியாகிவிடும். சிலருக்கு நிமோனியாவாக மாறும். அரிதாக உயிரையும் பறிக்கும்.

1952-53 குளிர்காலத்தில் மிசௌரி மாகாணத்தின் ஃபோர்ட் லெனார்ட் வுட் முகாமில் பரவிய காய்ச்சலை ஆராய்ந்தபோதுதான், மாரிஸ் ஹில்மேன் குழு ராணுவத்தினரிடம் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தது. பின்னாளில் பல தடுப்பூசிகளை உருவாக்கிய அதே ஹில்மேன்தான்.

ஏன் பயிற்சி முகாமில் மட்டும் இப்படி?

பழைய வீரர்களுக்கு இது பெரிதாக வருவதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்குத்தான் சிக்கல். காரணங்கள் இவை:

● நாட்டின் பல மூலைகளிலிருந்து வருபவர்கள் ஒரே ஹாலில், அடுத்தடுத்த கட்டிலில் தூங்குகிறார்கள். ஒருவருக்கு இருந்தால் போதும்.

● ஒரு பேட்ச் குணமாவதற்குள் அடுத்த பேட்ச் வந்து இறங்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால், வைரஸுக்குத் தீனி குறைவதே இல்லை.

● தூக்கம் குறைவு, உடல் களைப்பு, மன அழுத்தம்.

● பயிற்சி நாட்களைத் தவறவிட்டால் அடுத்த பேட்ச்சோடு சேர்க்கப்படலாம். அந்தப் பயத்தில் காய்ச்சலை மறைப்பவர்களும் உண்டு.

● இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. அதனால் கதவுக் கைப்பிடி, கட்டில் கம்பி போன்ற பரப்புகளில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். ஆல்கஹால் சானிடைசரும் அவ்வளவாக வேலை செய்யாது.

ஊசி இல்லை, மாத்திரை

1971 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இதன் ஐடியா எளிமையானது, ஆனால் புத்திசாலித்தனமானது. இந்த வைரஸ் மூச்சுப்பாதையில் வளர்ந்தால் நோய். குடலில் வளர்ந்தால் நோய் வராது, ஆனால் உடம்பு எதிர்ப்பு சக்தியை உருவாக்கிக்கொள்ளும். எனவே, உயிருள்ள வைரஸை வயிற்று அமிலத்தில் கரையாத பூச்சுள்ள மாத்திரைக்குள் வைத்து நேரடியாகக் குடலுக்கு அனுப்பினார்கள். வகை 4-க்கு ஒன்று, வகை 7-க்கு ஒன்று என இரண்டு மாத்திரை. கடிக்காமல் அப்படியே விழுங்க வேண்டும். அவ்வளவுதான்.

பலன்? முகாம்களில் அடினோ காய்ச்சல் ஏறக்குறைய காணாமல் போனது.

பிறகு ஏன் நின்றது?

உலகத்திலேயே இதைத் தயாரித்தது வயத் என்ற ஒரே நிறுவனம். வாங்கியதும் அமெரிக்க ராணுவம் மட்டுமே. தயாரிப்பு ஆலையைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, அந்தச் செலவு விஷயத்தில் நிறுவனத்துக்கும் பாதுகாப்புத் துறைக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. 1990-களின் நடுவில் உற்பத்தி நின்றது. மிச்சமிருந்ததைக் குளிர்காலத்துக்கு மட்டும் என மிச்சம்பிடித்துக் கொடுத்தார்கள். 1999-ல் அதுவும் தீர்ந்தது.

நோயே கண்ணில் படாதபோது அதைத் தடுக்கும் மருந்துக்கு ஏன் செலவு என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். நோய் கண்ணில் படாததற்குக் காரணமே அந்த மருந்துதான் என்பது மறந்துபோகும்.

வைரஸ் காத்திருக்கவில்லை

கையிருப்பு முழுசாகத் தீரும் முன்பே, 1997-ல் தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் முகாமிலும், இல்லினாய்ஸின் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி மையத்திலும் பரவல் தொடங்கியது. 2000-ல் இல்லினாய்ஸில் பயிற்சியில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் மருத்துவக் கழகம், மருந்தை மீட்டெடுக்க அவசர நடவடிக்கை தேவை என்று எச்சரித்தது.

2007-ல் டெக்சாஸின் லாக்லேண்ட் விமானப்படைத் தளத்தில் இன்னொரு வகை, 14, தலைகாட்டியது. 27 பேர் நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார். மாத்திரை இல்லாத அந்தக் காலத்தில் மொத்தம் 8 மரணங்கள் இந்த வைரஸோடு தொடர்புபடுத்தப்பட்டன.

மீண்டும் வந்த மாத்திரை

2001-ல் வேறொரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. ஆனால், மூடிய ஆலையை மறுபடி தொடங்குவது சுவிட்ச் போடுவது போல இல்லை. புதிய ஆலை, புதிய பரிசோதனைகள், புதிய அனுமதி என எல்லாமே முதலிலிருந்து. எஃப்.டி.ஏ ஒப்புதல் கிடைத்தது 2011 மார்ச்சில். ஆண்டு இறுதிக்குள் முகாம்களுக்கு மாத்திரை வந்து சேர்ந்தது.

மாற்றம் உடனே தெரிந்தது. அடினோ பாதிப்பு சுமார் 100 மடங்கு குறைந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 13,000 காய்ச்சல்களும் ஒரு மரணமும் தடுக்கப்படுவதாக அதன் மதிப்பீடு.

நமக்கு என்ன?

இந்த மாத்திரை இன்றும் 17 முதல் 50 வயதுள்ள அமெரிக்க ராணுவத்தினருக்கு மட்டுமே. பொதுமக்களுக்குக் கிடையாது. மாத்திரை போட்டவரின் மலத்தில் 28 நாள் வரை வைரஸ் வெளியேறலாம் என்பதால், கைகழுவுவதில் அவர்களுக்குக் கண்டிப்பு உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

ஆனால், நெருக்கமாகத் தங்கும் இடம் முகாம் மட்டுமில்லை. 2018-ல் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் இதே வைரஸ் பரவி ஒரு மாணவி இறந்தார். ஹாஸ்டல், பி.ஜி. அறைகளில் இருப்பவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவுவதும், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லி ஓய்வெடுப்பதும்தான் இப்போதைக்கு வழி. மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அரசுகளுக்கான பாடம் இன்னும் பெரியது. ஒரே ஒரு தயாரிப்பாளரை நம்பியிருக்கும் மருந்துகளுக்கு, அவர் கைவிரிக்கும் முன்பே மாற்று ஏற்பாடு வேண்டும். அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டுக்கே, ஏற்கெனவே செய்யத் தெரிந்த ஒரு மாத்திரையை மறுபடி கொண்டுவர 12 ஆண்டுகள் ஆனது.