முதலில் மேப், பிறகு ஃபேஸ்புக்

நாகர்கோவில் வடசேரியில் என் மாமா நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் வாங்கியதும் ஃபேஸ்புக்கில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கினார். லைக்குகள் குவிந்தன. பார்த்தால், பெரும்பாலும் வளைகுடா நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள்! அவர்களால் இன்று மாலை வந்து அரை கிலோ வாங்க முடியுமா?

வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணி, கூகுள் மேப்பில் அல்லவா சிப்ஸ் கடையைத் தேடுவார்? அதில் மாமா தம் கடையைச் சேர்க்கவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதற்கான கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் (2021 வரை கூகுள் மை பிசினஸ்) இலவசம். தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் முக்கியமாக வைத்தே கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. எனவே கடையின் வகை, சரியான இடம், திறந்திருக்கும் நேரம், போன் நம்பர் ஆகியவற்றை முதலில் பதியுங்கள். வாடிக்கையாளர்களைக் கருத்து எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பதிலும் எழுதுங்கள். விளம்பரம் வேறு, இந்த வரிசையில் பணம் கட்டி முன்னால் வர முடியாது. அப்படிச் சொல்லி யாராவது போன் செய்தால் ஏமாறாதீர்கள்.

ஃபேஸ்புக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வழி சொல்லாமல் விருந்துக்கு அழைக்கலாமா?