சாரதியின் பெருமை யாது?

நடிகர் அஜித்குமார் 2025ஆம் ஆண்டு துபாயில் நிகழ்ந்த 24 மணிநேர மோட்டார்ப் பந்தயத்தில் தம் அணியை இறக்கியது முதல், கற்பிட்டிக் கரையிலுள்ள என் மாணாக்கர் நாவிலும் அப்பேச்சே. 'உயர்ந்த சாரதி யார், ஐயா?' என ஒருவன் வினவ, 'புள்ளிகளை எண்ணினால் தெரியும்' என மற்றொருவன் விடையிறுத்தான்.

எண் மட்டும் போதுமா? போர்முலா வண் பந்தயத்துட் புகுந்த முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்த் தமிழரான அவர், 2005இல் இண்டியானாபொலிசில் நான்காமிடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். அப்பந்தய வாழ்வில் அவர் ஈட்டியவை அவையே. ஆயின், டயர்ப் பழுதுக்கு அஞ்சி 14 வண்டிகள் அன்று விலகின, ஓடியவை ஆறே. ஆகவே அவ்வைந்து அவரை உயர்த்திக் காட்டாது. ஏனைய பந்தயங்களின் வெறுமையும் அவரைத் தாழ்த்திக் காட்டாது. அவருக்கு வாய்த்த வண்டிகள் வலிமை குன்றியவை. இயந்திரப் படகினனோடு துடுப்புத் தோணியினனை ஒப்பிடலாமோ? ஒரே அணியின் வண்டியைச் செலுத்தும் இருவரை ஒப்பிடுதலே நேரிய அளவுகோல். அவ்வளவுகோலின்படி, அன்று மூன்றாமவராய் வந்த அணித்தோழர் மொன்டெய்ரோவே முந்தினார் என்பதையும் ஒப்புதல் வேண்டும்.

இது திறனின் அளவு. பெருமையின் அளவு வேறு. 1958இல் போர்த்துக்கல் பந்தயத்தில் தம் போட்டியாளர் ஹோதோர்னின் தகுதி பறிபோக இருந்தபோது, அவர்பொருட்டுச் சான்று பகர்ந்தார் ஸ்டேர்லிங் மொஸ். அவ்வாண்டின் உலகப் பட்டத்தை அவரிடமே ஒரு புள்ளியால் இழந்தார். மாணாக்கரே, அந்த ஒரு புள்ளியை எக்கணக்கில் எழுதுவீர்?