கன்ட்ரோலர் வாங்கும் முன் கம்ப்ரசரை நினையுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்த்துப் பொருள் வாங்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அந்தப் பழக்கத்தால் ஒரு பிரிட்ஜ் கம்ப்ரசரையே எரித்தவன் நான். அதனால்தான் இந்த மாதம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, அதன் குட்டித் தம்பியான டெம்பரேச்சர் கன்ட்ரோலர் பற்றி எழுதுகிறேன்.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் எங்கள் அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். நைட் ஷிப்ட் முடித்து வரும் பனியன் கம்பெனி ஆட்கள் காலை ஆறு மணிக்கே வாசலில் பாத்திரத்தோடு நிற்பார்கள். சித்திரை, வைகாசியில் மாவு விடியும் முன்பே பொங்கி வழிந்து புளித்துவிடும். மார்கழியில் அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். ஒரு நாள் புளித்த மாவு வாங்கியவர் மறுநாள் வேறு வாசலுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு அது நேரடியாகக் காசு நஷ்டம்.

உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் பாக்டீரியாக்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. 30 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தால் ஒரே இரவில் அவை வேலையை முடித்துவிடும். பிரிட்ஜில் உள்ள தெர்மோஸ்டாட் அவ்வளவு மேலே வராது. வெளிநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய பிரிட்ஜுக்கு வரும் கரண்டை ஒரு தனி கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்து, வேண்டிய சூட்டில் புளிக்க வைக்கிறார்கள். (நம் மாநிலத்தில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். மாவுக்குத் தடை இல்லை.)

எங்கள் ஊரில் டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்குப் பஞ்சமா? சாயப்பட்டறையில் ஒவ்வொரு சாப்ட் புளோ மெஷினிலும் ஒன்று இருக்கும். பழைய இரும்புக் கடையில் ஒரு பிஐடி கன்ட்ரோலர் மலிவாகக் கிடைத்தது. புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் காட்டியது. இன்ஜினியரிங் படித்தவனுக்கு பிஐடி என்ற பெயரே போதும், வாங்கி வந்து மாட்டிவிட்டேன். ஒன்பதாம் நாள் கம்ப்ரசர் நின்றுவிட்டது.

காரணம் இதுதான். சாயத் தொட்டியை 60 டிகிரியில் நிறுத்த, பிஐடி சில விநாடிகளுக்கு ஒரு முறை ஸ்டீம் வால்வைத் திறந்து மூடும். வால்வுக்கு அதனால் கஷ்டம் இல்லை. கம்ப்ரசர் நின்றதும் அதன் இரு பக்கமும் கேஸ் அழுத்தம் சமமாவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மறுபடி ஆன் செய்தால் மோட்டார் சுழல முடியாமல் திணறி, அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சூடாகும். நான் ஒன்பது நாளும் அதைத்தான் செய்திருக்கிறேன். பட்டறையில் பிட்டராக இருக்கும் பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "மெஷினுக்கு இருக்கறதைக் கொண்டாந்து பிரிட்ஜுக்கு மாட்டுனா எப்படி கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கம்ப்ரசர் டிலே இருக்கிறதா?" என்பதுதான். எஸ்டிசி-1000 என்ற சாதாரண கன்ட்ரோலரில் இதை 1 முதல் 10 நிமிடம் வரை வைக்கலாம். நான் 5 வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தாலும் இந்த டிலே காப்பாற்றும். இதில் குளிரூட்ட ஒன்று, சூடாக்க ஒன்று என இரண்டு ரிலே உண்டு. மார்கழிக்குச் சூடாக்கும் ரிலேயில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். டபிள்யூ1209 என்ற போர்டு இன்னும் மலிவு, ஆனால் ஒரே ரிலேதான், 12 வோல்ட் அடாப்டரும் தனியாக வேண்டும். எஸ்டிசி-1000-ன் பின்பக்கத் திருகுகளில் 230 வோல்ட் ஓடுகிறது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு பெட்டிக்குள் பொருத்துங்கள்.

புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம். எஸ்டிசி-1000 பத்தில் ஒரு டிகிரி காட்டும், ஆனால் உண்மையில் ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். ஒரு டம்ளரில் ஐஸைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு சென்சாரை வையுங்கள். 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எப்4 செட்டிங்கில் சரி செய்துகொள்ளலாம்.

என்னைக் கேட்டால், எந்தக் கன்ட்ரோலர் என்பதைவிட சென்சார் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்த மறுநிமிடமே சூடு ஏறியதாக நினைத்துக்கொள்ளும், மாவோ அப்படியே இருக்கும். நான் எவர்சில்வர் தூக்கின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டி, மேலே பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றியிருக்கிறேன். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! வித்தியாசம் 1 டிகிரி. அதாவது 31-ல் கம்ப்ரசர் ஓடும், 30-ல் நிற்கும். வெயில் காலத்தில் பல்பைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர் கொஞ்சம் கூடிப்போனதும் பல்பு எரியும், அதனால் மறுபடி கம்ப்ரசர் ஓடும்.

வைபை கன்ட்ரோலர் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நெட் இல்லாவிட்டாலும் தானாக வேலை செய்யுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், காசு இருப்பவர் வாங்கலாம். பிரிட்ஜ் மட்டும் பழைய ஒற்றைக் கதவு மாடலாக இருக்கட்டும். பிராஸ்ட் பிரீ மாடலின் மெயின் கரண்டை இப்படி அடிக்கடி நிறுத்தினால் அதன் டீபிராஸ்ட் ஏற்பாடு குழம்பும்.

விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து, மாவைப் பார்த்துவிட்டு 30-ஐ 5 ஆக மாற்றுகிறார். இதைத் தானாக நடக்க வைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றேன். "மாவைத் தொறந்து பாக்காம அது எப்படிடா தெரியும்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.