கல்லறைக்குக் காவல், வரலாற்றுக்குக் கத்தரி

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளை இந்தியத் தொல்லியல் துறை காவல் காக்கிறது. காக்கட்டும். ஆனால் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அந்தக் கம்பெனி, பஞ்சத்தில் வாடிய ஆயிரக்கணக்கான ஏழைகளை இதே கரையில் விலைக்கு வாங்கி, பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியதே! அவர்களுக்கு ஒரு கல் உண்டா?

கல் வேண்டாம், பாடநூலில் ஒரு பத்தி? இருப்பதையே வெட்டுகிறவர்களிடம் எதைக் கேட்பது! தோள்சீலைப் போராட்டப் பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி வராது என்றது சிபிஎஸ்இ. 2019இல் என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு நூலிலிருந்து அந்தப் பாடத்தையே தூக்கியது. பாடச்சுமையாம்! மார்பை மறைக்கப் போராடிய பெண்களின் கதைதான் இவர்களுக்குச் சுமை.

நம் பிள்ளைகள் படிப்பது மாநிலப் பாடநூல்தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது. பிஎம்ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடாத தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது ஒன்றிய அரசு. பணிய வைக்கும் வழி அது.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை இன்னும் இருக்கிறது. முறை வைத்து வலை விடும் உரிமை மரபாகப் பட்டினவர் சாதி ஆண்களுக்கு. இருளர்களோ சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். “எங்களுக்கு ஏன் பாடு இல்லை?” என்று ஓர் இருளர் வீட்டுச் சிறுமி வகுப்பில் கேட்டால், ஆசிரியர் எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்?