பார்த்து நல்லா போடுங்கப்பா

மாணவன் திருப்தியாக இருந்தால் கல்லூரி நன்றாக இருக்கிறது என்று பொருள். நம் உயர்கல்வி உலகம் இதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டது. நாலுக்கு மூன்றரை வாங்கினால் நல்ல கல்லூரி. இரண்டரை என்றால் முதல்வர் அறையில் அவசரக் கூட்டம். இதைக் கேள்வி கேட்டால் மாணவர் விரோதி என்ற பட்டம் கையோடு கிடைக்கும். மாணவர்கள் பேச வேண்டும், அதை நாம் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. திருப்தியை எண்ணாக்கி அதைத் தரம் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

பெங்களூரில் இருந்துகொண்டு கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் ‘நாக்’ அமைப்பு 2017இல் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பையும் அதில் சேர்த்தது. மாணவர் பட்டியலை மின்னஞ்சல் முகவரியோடு கல்லூரியே கொடுக்க வேண்டும். நாக் அவர்களுக்கு இணைப்பு அனுப்பும். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். 21ஆவதில் யோசனை ஏதும் இருந்தால் எழுதலாம். முதல் கேள்வி, பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் வகுப்பில் நடத்தப்பட்டது என்பது. 20ஆவதுக்கு வரும்போது, உங்கள் நிறுவனத்தின் கற்றல் கற்பித்தல் தரம் ஒட்டுமொத்தமாக மிக நன்று என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.

இந்த இணைப்பு வந்து சேரும் வாரத்தில் ஒரு கல்லூரி வகுப்பறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கிளாஸ் இன்சார்ஜ் உள்ளே வருகிறார். “மெயில் வரலைன்னு சொல்லாதீங்க, ஸ்பேம்ல கெடக்கும், தேடுங்க. காலேஜுக்கு ஏ பிளஸ் வந்தாதான் உங்க டிகிரிக்கு மதிப்பு. பார்த்து நல்லா போடுங்கப்பா.” முடித்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட வேண்டுமாம். மிரட்டல் ஏதும் இல்லை, தேவையும் இல்லை. நூற்றுக்கு 25 இன்டர்னல் மதிப்பெண் அதே ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அந்த நிலையில் உள்மதிப்பீடு நேர்மையாக நடக்கிறதா என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளை ‘நேர்மையற்றது’ என்று டிக் அடிக்கும்?

இது நம்மூர்ப் பழக்கம் மட்டும்தான் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். பிரிட்டனில் தேசிய மாணவர் கணக்கெடுப்பு 2005இல் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், லண்டனின் கிங்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் துறை ஆசிரியர்கள் மாணவர்களிடம் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடச் சொன்னது ஒலிப்பதிவோடு வெளியே வந்தது. நம் பல்கலைக்கழகம் கடைசி இடத்துக்குப் போனால் உங்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதுதான் அங்கேயும் வாதம். அந்தத் துறையை அவ்வாண்டு முடிவுகளிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று.

சரி, எல்லோரும் உண்மையையே டிக் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என் சண்டை அப்போதும் தீராது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் முதலாண்டு மாணவன் தன் கணித ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யாரிடம் போவான் என்பது குலுக்கல் மாதிரிதான். எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வு. இந்த வசதியை வைத்து ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பருவத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள்; ஆசிரியருக்கும் நல்ல மதிப்பெண் போட்டார்கள். அடுத்தடுத்த கணிதப் பாடங்களுக்குப் போனபோது அவர்களே சறுக்கினார்கள். அனுபவசாலிகளிடம் மாட்டிக்கொண்டு முணுமுணுத்தவர்கள் அங்கே நன்றாகச் செய்தார்கள். திருப்திப் படிவம் பருவ முடிவில் நிரப்பப்படுகிறது. பாடம் உள்ளே இறங்கியதா என்பது அடுத்த ஆண்டுதான் தெரிகிறது.

ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பொன்றில் நடந்த ஆய்வு (2019) இதைவிட நெருக்கமாகக் காட்டுகிறது. மாணவர்கள் தாங்களே மல்லுக்கட்டித் தீர்க்க வேண்டியிருந்த வகுப்பில் அதிகம் கற்றார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களுக்குச் சாக்லேட் பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். பிஸ்கட் தின்ற குழுக்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டன. (நம் கல்லூரிகளில் இன்னும் சமோசா அளவுக்குப் போகவில்லை என்று நம்புகிறேன்.)

இந்தத் திருப்தி எண்ணை ஆசிரியரின் வேலையோடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஓர் உதவிப் பேராசிரியர் இருக்கிறார். கணக்கைக் கரும்பலகையில் பாதியில் நிறுத்தி, மீதியை நீ செய் என்று சொன்னால் வகுப்பு முகம் சுளிக்கும். முக்கியமான டூ மார்க் கேள்விகளை டிக் அடித்துக் கொடுத்தால் வகுப்பு மகிழும். சம்பள உயர்வு எதில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிர்வாகத்துக்கோ இரட்டை லாபம்: விடுதிச் சாப்பாடு, காலிப் பணியிடங்கள், ஓடாத கணினிகள் என்று தன் பொறுப்பில் சேர வேண்டிய அதிருப்தியெல்லாம் ஆசிரியரின் சராசரியில் போய்க் கலந்துவிடும்.

அப்படியானால் மாணவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா என்பார்கள். வகுப்பில் நடந்ததை முழுதாகப் பார்த்தவர்கள் அவர்கள்தானே! சாட்சியிடம் கேட்பதுபோல் அவர்களிடம் கேளுங்கள். ஒரு பேராசிரியரின் பாட அறிவை எடைபோட 19 வயதுப் பிள்ளையால் முடியாது. ஆனால் இன்டர்னல் விடைத்தாள் திருத்தத்தோடு எத்தனை நாளில் கைக்கு வந்தது, எத்தனை வகுப்புக்கு ஆசிரியரே வரவில்லை, நூலகம் மாலை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்பதையெல்லாம் அவன் துல்லியமாகச் சொல்வான். நாக் படிவத்தின் முதல் கேள்வி ஏறக்குறைய இந்த வகைதான். போகப்போகத்தான் ‘மிக நன்று’க்கு வழுக்குகிறது. இங்கிலாந்து 2023இல் ஒட்டுமொத்தத் திருப்திக் கேள்வியையே தன் படிவத்திலிருந்து எடுத்துவிட்டது.

அறிவியல் கல்லூரிகளுக்கு நான் ஒரே ஒரு கேள்வி வைப்பேன்: உன் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் சோதனைகளில் நீயே கையால் செய்தவை எத்தனை, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவை எத்தனை? மாணவன் சொல்வதைச் சரிபார்க்க ஆய்வகப் பதிவேடும், செலவான வேதிப்பொருள் கணக்கும் அங்கேயே இருக்கும். நாக் கேட்கும் இருபதில் இப்படி ஒன்று இல்லை.